தானாகப் போன கடிதங்கள்

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த இடத்துக்குப் பெயர் தையல் வகுப்பு. ஆனால் அங்கே ஒரு தையல் இயந்திரம்கூடக் கிடையாது. கீழே ஒரு சீனரின் சைக்கிள் கடை. பக்கவாட்டில் மரப்படி ஏறினால் எங்கள் அலுவலகம். பாடங்கள் எல்லாம் தபாலில்தான் போகும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஓரமாக விளம்பரம் வரும். கூப்பனை வெட்டி, பெயரும் விலாசமும் எழுதிச் சந்தாவோடு அனுப்பினால் மாதம் ஒரு பாடமும், துணி வெட்டுவதற்கான காகித அச்சும் வீடு தேடிப் போகும். சந்தா கட்டியவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பெண்கள். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டும் கையால் துணி வெட்டியும் பிழைக்கலாம் என்ற நம்பிக்கையைத்தான் நாங்கள் விற்றோம்.

நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே தள்ளி இருந்த தோட்டம். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்தது அக்கா. அவள் மரம் வெட்டினாள், நான் படித்தேன். பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்துத் தமிழ்த் தட்டச்சும் கற்றுக்கொண்டு எழுபதுகளின் நடுவில் ஈப்போவுக்கு வந்தேன். புந்தோங்கில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். ஞாயிறு தோறும் தோட்டத்துக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவேன்.

முதலாளி யாழ்ப்பாணத்தவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று, சும்மா இருக்கப் பிடிக்காமல் இதைத் தொடங்கியவர். தைப்பிங்கிலிருந்து தினமும் ரயிலில்தான் வருவார். நல்ல மனிதர், கோபம் வந்தாலும் குரல் உயராது. அவருக்கு இருந்த ஒரே கவலை, பெண்கள் பாதியில் நின்றுவிடுவது. இரண்டு பாடம் வாங்குவார்கள், மூன்று பாடம் வாங்குவார்கள், பிறகு பேச்சுமூச்சே இருக்காது.

ஒரு நாள் அவர் பழுப்புக் காகிதம் ஒன்றை மேசை நிறைய விரித்து, பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார். பார்த்தால் தண்டவாளம் மாதிரி இருந்தது. கூப்பன் வந்து சேருவது முதல் ஸ்டேஷன். அங்கிருந்து முதல் கடிதம் புறப்படும். ஒரு வாரம் போனதும் இரண்டாவது. பாடம் கையில் கிடைத்திருக்கும் நேரம் பார்த்து மூன்றாவது. அந்தப் பெண் பதில் எழுதினால் வலது பக்கத் தண்டவாளம், எழுதாவிட்டால் இடது பக்கம். இரண்டிலும் வேறு வேறு கடிதங்கள் காத்திருக்கும். நின்று போனவளைத் திரும்ப ஏற்றிக்கொள்ள ஒரு சுற்றுப்பாதைகூட வரைந்திருந்தார்.

"நீர் ஒருக்கா எழுதிப்போட்டால் காணும், பிள்ளை. பிறகு அது தானா ஓடும். நீர் லீவிலே நிண்டாலும் ஓடும், நான் செத்தாலும் ஓடும்" என்று சொல்லிச் சிரித்தார்.

அதை ஓட வைக்கும் வேலை என்னிடம் வந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அட்டை. அட்டைகளை நிற்க வைக்க நீள மரப்பெட்டி, பெட்டிக்குள் தேதி போட்ட தடுப்புகள். காலையில் வந்ததும் அன்றைய தடுப்புக்குப் பின்னால் இருக்கும் அட்டைகளை எடுக்க வேண்டும். அட்டையில் எந்தக் கடிதத்தின் எண் இருக்கிறதோ அந்தக் கடிதத்தை உறையில் போட்டு, அடுத்த எண்ணைக் குறித்து, அட்டையை அது போகவேண்டிய தேதிக்கு நகர்த்த வேண்டும். கடிதங்களை ஸ்டென்சிலில் அடித்து உருளை இயந்திரத்தில் சுற்றி நூறு நூறாக எடுத்து வைத்திருப்போம். விலாசத்துக்கும் ஓர் இயந்திரம் இருந்தது. ஒவ்வொரு பெண்ணின் பெயரும் ஒரு தகட்டில் பதிந்திருக்கும், கைப்பிடியை அழுத்தினால் உறையில் விழும். எதையும் யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்காமல் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனையும் செய்தோம்.

யோசிக்க வேண்டியிருந்தது கடிதங்களை எழுதும்போது மட்டும்தான். நான் முதலில் எழுதிக் கொடுத்தவை, தங்கள் சந்தா பெறப்பட்டது, தாங்கள் பாடத்தைத் தொடர்ந்து பயிலுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள் என்கிற ரகம். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உது கந்தோர்க் கடிதம் மாதிரிக் கிடக்கு, பிள்ளை. ஒரு பொம்பிளை இன்னொரு பொம்பிளையோட கதைக்கிற மாதிரி எழுதும். தங்கச்சிக்கு அக்கா எழுதுற மாதிரி."

எனக்கு இருந்தது ஒரே அக்கா. அவள் பேசுவதை அப்படியே எழுதினேன்.

அக்காவின் பேச்சில் ஆறுதல் என்று தனியாக எதுவும் இருக்காது. பள்ளியில் அடி வாங்கி அழுதுகொண்டு வந்தால், "மொதல்ல சாப்புடு. அழுவுறத அப்புறம் வச்சிக்கலாம், அது எங்கயும் ஓடிப்போவாது" என்பாள். விடிவதற்கு முன்னால், தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது, தூங்கிக்கொண்டிருக்கும் என் நெற்றியில் கை வைத்து, "நான் போயிட்டு வாரேன், நீ ஒன் வேலையப் பாரு" என்பாள். அந்தக் குரல் இருந்தால் எந்தக் காரியமும் பெரிதாகத் தெரியாது. முதல் கடிதத்தை இப்படி ஆரம்பித்தேன்: 'தங்கச்சி, பாடம் வந்து சேர்ந்ததா? முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் பிரித்துப் பார். துணி எங்கேயும் ஓடிப்போகாது.' கடைசியில் பெயர் போடவில்லை. 'உன் அக்கா' என்று மட்டும் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடிதங்களைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மாமா, அவள் புருஷன், வாசலில் உட்கார்ந்து சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

"ஏன்டி, நான் வாய்க்கு வந்தத பேசுறேன், நீ அத எழுதி விக்கிறியா? எனக்கு என்னா பங்கு?"

"ஒனக்கு எல்லாப் பாடமும் சும்மா வாங்கித் தாரேங்கா."

"எனக்கு எதுக்குலா அதெல்லாம். கை நடுங்காம ஊசி கோக்கத் தெரியாது எனக்கு" என்றவள், என்னைப் பார்த்துக் கேட்டாள். "பதிலே போடாத பொண்ணுக்கு என்னா எழுதுவே?"

ஞாபகப்படுத்தி எழுதப்போவதாகச் சொன்னேன்.

"ஞாபகப்படுத்தாதே. அவளுக்கே தெரியும், எதுக்குப் போடலேன்னு. 'ஒன்னக் காணோமேன்னு நெனச்சேன்'னு மட்டும் எழுது. போதும்."

அதையும் அப்படியே எழுதினேன். இடது பக்கத் தண்டவாளத்தின் முதல் கடிதம் அதுதான்.

சில மாதங்களில் முதலாளி நினைத்ததைவிட நன்றாக ஓட ஆரம்பித்தது. நிற்கும் பெண்கள் குறைந்தார்கள். பதில்களும் வந்தன. யாரும் துணியைப் பற்றி எழுதவில்லை. புருஷன் குடித்துவிட்டு அடிப்பதை எழுதினார்கள். தோட்டத்தை விற்கப்போகிறார்களாம், எங்கே போவது என்று கேட்டார்கள். கருப்பை எடுத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு மாமியார் சோறு போடுவதில்லை என்று ஒருத்தி எழுதினாள். எல்லாக் கடிதங்களும் 'அன்புள்ள அக்கா' என்றே ஆரம்பித்தன. பதில் வந்த அட்டையை வலது பக்கத்துக்கு மாற்றி ஐந்தாம் கடிதத்தை அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. ஐந்தாம் கடிதம், 'தங்கச்சி, உன் கடிதம் கிடைத்தது, மனம் நிறைந்துபோனது' என்று தொடங்கி, அடுத்த பாடம் பஃப் கை வைத்த ரவிக்கை என்று முடியும். மாமியார் சோறு போடாத பெண்ணுக்கும் அதுதான் போனது.

தனித்தனியாகப் பதில் எழுதலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"எத்தனை பேருக்கு எழுதுவீர்? ஒராளுக்கு எழுதினால் மற்றவைக்கு என்ன சொல்லுறது?" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் வயிற்றில் தங்கியது. தோட்டமே அதைக் கொண்டாடியது. நிறை மாதத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை செத்துப் பிறந்தது. பெண் குழந்தை. நான் போய்ச் சேருவதற்குள் அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அக்கா" என்றேன். திரும்பினாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை. பெரட்டுக்கு மற்றவர்கள் எழுந்து போகும் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவாள், அதோடு சரி. மாமா கோயில் கோயிலாக அழைத்துப்போனார், மந்திரிக்க வைத்தார். பிறகு சிங்கப்பூரில் கட்டட வேலை இருக்கிறது, கொஞ்சம் சம்பாதித்து வைத்தியம் பார்க்கலாம் என்று சொல்லிக் கிளம்பினார். முதலில் இரண்டு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் அக்கா மயங்கி விழுந்த நாளில், தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் டிரெசர்தான் வேன் வரவழைத்து, நான் வேலையிலிருந்து ஓடி வரும்வரை காத்திருந்து, எங்களைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பி வைத்தார்.

எங்கள் பக்கத்தில் அந்த ஊரின் பெயரைச் சும்மா சொல்லவே மாட்டார்கள். பிள்ளைகள் கேலி செய்வதற்குச் சொல்வார்கள், பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அங்கே இருக்கும் பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்குள் நான் எதிர்பார்த்தது வேறு, பார்த்தது வேறு. புல்வெளி, மழைமரங்கள், வெள்ளையடித்த நீளக் கட்டடங்கள். தாதிகள் அக்காவுக்குத் தலை வாரிவிட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அக்காதான் அங்கே இல்லை.

ஞாயிறு தோறும் பஸ் ஏறிப் போனேன். தோட்டத்துக்குப் போவது நின்று, அந்த ஆஸ்பத்திரிக்குப் போவது வழக்கமானது. கொண்டுபோன சோற்றைப் பிசைந்து வாயருகே வைத்து, "மொதல்ல சாப்புடுக்கா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்பேன். சொன்னதுமே எனக்குக் கூசும். அந்த வாரம் முழுக்க அதே வரியை நூற்றுக்கணக்கில் உருளையில் சுற்றி எடுத்திருப்பேன். அக்காவிடம் சொல்ல எனக்கென்று வேறு பேச்சு இல்லை. இருந்ததெல்லாம் அவளிடமிருந்து எடுத்ததுதான். அவள் வாயைத் திறப்பாள், மெல்லுவாள், விழுங்குவாள். மழைமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

திங்கட்கிழமை போய் மறுபடி அட்டைகளை நகர்த்துவேன்.

பாரிட் புந்தாரிலிருந்து ஒரு பெண் எழுதியது அந்த நாட்களில்தான். எங்கள் நான்காம் பாடம் குழந்தைக் கவுன். பாடம் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு கடிதம் தானாகப் போகும். 'தங்கச்சி, கவுன் தைத்தாயா? பிள்ளைக்குப் போட்டு அழகு பார்த்தாயா?' அதற்கு அவள் பதில் எழுதியிருந்தாள். அவள் பிள்ளை வயலுக்குத் தண்ணீர் போகும் பெரிய வாய்க்காலில் விழுந்து இறந்துவிட்டதாம். போன அறுவடைக்கு முன்னால். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்துதான் தையலில் சேர்ந்தாளாம். கவுனைப் பிள்ளையின் அளவுக்கே தைத்தாளாம். 'அக்காவுக்குத் தெரியாதில்ல, அதான் கேட்டுட்டீங்க. நான் தப்பா எடுத்துக்கலை' என்று எழுதியிருந்தாள்.

நான் அதைப் படிப்பதற்குள், உதவிக்கு இருந்த பெண் அவள் அட்டையை வலது பக்கம் மாற்றி, ஐந்தாம் கடிதத்தையும் தபாலில் சேர்த்துவிட்டாள். உன் கடிதம் கிடைத்தது, மனம் நிறைந்துபோனது.

அன்று மாலை முதலாளி ரயிலுக்குக் கிளம்பியபின் உட்கார்ந்து, கையாலேயே ஒரு கடிதம் எழுதினேன். முன்னால் வந்ததைப் பொருட்படுத்த வேண்டாம் என்றேன். பிள்ளையின் கவுனை யாருக்கும் கொடுக்க வேண்டாம், மடித்து வைத்துக்கொள், எப்போது எடுத்துப் பார்க்கத் தோன்றினாலும் பார், யார் என்ன சொன்னாலும் கேட்காதே என்று எழுதினேன். அக்கா பழைய அக்காவாக இருந்திருந்தால் என்ன சொல்வாளோ அதை எழுதினேன். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

சில நாட்களில் அவளே வந்துவிட்டாள். நடுப்பகலில் படியேறி வந்து வாசலில் நின்றாள். ஒல்லியான பெண். பஸ்ஸில் வந்த வியர்வை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"அக்காவப் பாக்கணும்" என்றாள்.

முதலாளி என்னைப் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியாது. "அவ இப்ப வெளியூர்" என்று சமாளிக்கப் பார்த்தார். நான் எழுந்து போய், "நான்தாங்க எழுதினேன்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா? ஒனக்கு என்னா வயசு இருக்கும்? வெளயாடாதே தங்கச்சி. அது புள்ளயப் பறிகொடுத்தவ பேச்சு. படிச்சாலே தெரியுது."

"எழுதினது நான். பேச்சு எங்க அக்காவோடது."

"அவங்க எங்க இருக்காங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. "தஞ்சோங் ரம்புத்தான்" என்றேன்.

அவள் பழத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "சரி, போலாம். இவ்ளோ தூரம் வந்துட்டேன்" என்றாள்.

முதலாளி எனக்கு அரைநாள் லீவு கொடுத்தார்.

பஸ்ஸில் அவள் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் அனுமதி கேட்டு, அக்காவை வெளியே மரநிழலுக்கு அழைத்து வந்தோம். பெஞ்சில் அக்காவை உட்கார வைத்து, அந்தப் பெண் அவளுக்கு முன்னால் புல்லில் உட்கார்ந்தாள். அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். இருந்தாலும் கேட்டது. பிள்ளை அன்று காலையில் என்ன சாப்பிட்டது, எந்தச் சட்டை போட்டிருந்தது, வாய்க்கால் ஓரத்தில் செருப்பு எப்படி ஜோடியாகக் கிடந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். தேடப்போனவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று சொன்னாள். யாரிடமும் முழுதாகச் சொல்லியிருக்கமாட்டாள் என்று தெரிந்தது. சொல்லி முடித்து அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லுங்கக்கா. நான் என்னா பண்ணட்டும்?"

அக்கா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா. ஒரு வார்த்தை சொல்லுங்க."

அக்கா கையை உருவிக்கொண்டாள். கோபமாக இல்லை. மேலே ஏறிய எறும்பைத் தட்டிவிடுவது மாதிரி உருவிக்கொண்டு, மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். கொண்டுவந்த பழத்தைப் பெஞ்சில் வைத்தாள். கேட்டுக்கு நடக்கும்போதுதான் அவள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திப் பிடித்திருப்பதைப் பார்த்தேன். அக்காவை நினைத்து அழுகிறாள் என்று நினைத்து, "கொஞ்ச நாள்ல சரியாயிருவாங்க" என்றேன்.

அவள் நின்றாள். "இவங்களே இப்படி ஆயிட்டாங்கன்னா, நான் எங்க போயி நிக்கிறது?" என்றாள்.

ஈப்போ பஸ் நிலையத்தில் அவளை வடக்கே போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். பஸ் திரும்பும்வரை நான் நின்றேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் அட்டை இடது பக்கம் போகும். அதன் நாள் வந்த காலையில் அந்த அட்டையை எடுத்து என் மேசை டிராயருக்குள் போட்டேன். முதலாளி பார்த்துவிட்டார். வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, எனக்கு விளங்குது. ஆனால் ஒண்டை எடுத்தால் பிறகு எல்லாத்தையும் எடுக்க வேண்டி வரும். உதுக்குள்ளே துக்கம் இல்லாத அட்டை எது, சொல்லும் பாப்பம்?"

அவரே அட்டையை வாங்கித் திரும்பப் பெட்டியில் வைத்தார். 'தங்கச்சி, உன்னைக் காணோமே என்று நினைத்தேன்' என்ற கடிதம் பாரிட் புந்தாருக்குப் போனது. சில வாரங்களில் உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. மேலே 'பிண்டா' என்று தபால்காரர் கிறுக்கியிருந்தார். குடிபெயர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். எங்கே என்று எழுதவில்லை. அவள் என்னவானாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போகிறவர்களிடம் விசாரித்துப் பார்த்தேன். வாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த பெண் என்றால், எந்தப் பெண் என்று கேட்டார்கள்.

எண்பதுகள் ஆரம்பித்ததும் உறைகள் கட்டுக் கட்டாகத் திரும்ப ஆரம்பித்தன. தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டன. ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். சில இடங்களில் வீடு கட்டினார்கள். தோட்டத்து லயன் வீடுகளில் இருந்தவர்கள் பட்டணத்தின் ஓரங்களுக்குக் கலைந்து போனார்கள். எங்கள் தோட்டமும் போனது. பிண்டா, பிண்டா, பிண்டா. விலாசத் தகடுகளைக் கழற்றிச் சாக்கில் போட்டு வைப்போம், பழைய இரும்புக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார்.

இதற்கிடையில் அக்கா கொஞ்சம் தேறினாள். வீட்டுக்கு அழைத்துப் போகலாம், மருந்து தவறாமல் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். புந்தோங்கில் என் அறைக்கே அழைத்து வந்தேன். அந்த முதல் வாரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைக்கவே பயமாக இருக்கிறது. அவள் பேசினாள். ஆனால் அது வேறு பேச்சு. "தண்ணி வேணும்." "சரி." "தூக்கம் வருது." கேட்டால் பதில் வரும். தானாக ஒன்றும் வராது. என்னை 'நீங்க' என்றாள். முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு மாலையில் ஸ்டென்சில் திருத்துவதற்காகக் கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. முதல் கடிதத்தை உரக்கப் படித்தேன். பாடம் வந்து சேர்ந்ததா, முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் பிரித்துப் பார். அக்கா தலையைத் தூக்கினாள். அடுத்ததையும் படித்தேன். பாயிலிருந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஓர் ஆர்வத்தைப் பார்த்தேன்.

"யாருங்க இது?" என்று கேட்டாள். "நல்லாப் பேசுறாங்க."

"தெரியலியாக்கா?"

இல்லை என்று தலையசைத்தாள். "இவங்கள நான் பாக்க முடியுமா?"

நான் வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நின்றேன். திரும்பி வந்தபோது அவள் அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, அச்சு எழுத்தின் மேல் விரலை வைத்திருந்தாள். அதற்குப் பிறகு நான் அவளுக்கு எதையும் படித்துக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மறுபடி சாப்பிடுவதை நிறுத்தினாள். மறுபடி அதே பஸ், அதே வெள்ளைக் கட்டடம். இந்த முறை திரும்பி வரவில்லை.

முதலாளிக்கு வயதாகிவிட்டது, ரயில் பயணம் முடியவில்லை. அவருடைய மகன் வந்து பொறுப்பேற்றான். கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. தையல் பாடத்தோடு அழகுக் குறிப்பு, சமையல் என்று சந்தாக்கள் பெருகின. கடிதத்தின் நடுவில் அந்தந்தப் பெண்ணின் பெயரையே அது போட்டு அடித்துக் கொடுத்தது. மரப்பெட்டிகளும் தகடுகளும் போயின. பழைய கடிதங்களை ஒரு பையன் வந்து இயந்திரத்தில் ஏற்றினான். "ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க, யாரு?" என்று கேட்டான். நான் ஏதோ சொன்னேன். எனக்குச் செய்ய அதிகம் இல்லாமல் போனது. திரும்பி வரும் உறைகளை அடுக்கும் வேலையை வைத்துக்கொண்டேன்.

அக்கா காய்ச்சலில் போனாள். செய்தி அலுவலகத் தொலைபேசிக்குத்தான் வந்தது. பின்னால் அச்சு இயந்திரம் கரகரவென்று அடித்துக்கொண்டிருந்ததால், தாதி சொன்னதை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

உடலைப் புந்தோங்குக்குக் கொண்டுவந்தேன். மாமாவுக்குத் தெரிவிக்க விலாசம் இல்லை. தோட்டத்து ஆட்கள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை, தெரிந்த சிலருக்கு ஆள் விட்டேன். ஐந்தாறு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, லயனில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தவள். அக்காவோடு ஒன்றாகப் பெரட்டுக்குப் போனவள். இப்போது ஒரு கையுறைத் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்குகிறாளாம்.

அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது, அவள் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வந்ததெல்லாம் கடிதத்து வரிகள். 'துணி எங்கேயும் ஓடிப்போகாது' என்று அவள் என்றைக்காவது சொன்னாளா, நானாக எழுதியதா? அவள் சொன்னது அழுகையைப் பற்றியா, துணியைப் பற்றியா? இத்தனை ஆயிரம் முறை அச்சடித்து அச்சடித்து, எது அவள், எது நான் என்று பிரிக்க முடியாமல் போயிருந்தது. நெற்றியில் வைத்த கை ஞாபகம் இருந்தது. அப்போது அவள் சொன்னது அச்செழுத்தில்தான் வந்தது.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரியிடம் நகர்ந்து போனேன்.

"எங்க அக்கா எப்படிப் பேசும், ஞாபகம் இருக்கா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். உதட்டை அசைத்துப் பார்த்தாள், ஏதோ ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது மாதிரி இருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாப் பேசும்" என்றாள். "எல்லாருகிட்டயும் நல்லாப் பேசும்."

வேறு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். வண்டி வந்துவிட்டது என்று வெளியே யாரோ சொன்னார்கள். நாங்கள் எழுந்தோம்.